வயலினுக்கு வந்த ராக்

கோடாய் பிறந்த கெச்கெமேட் நகரிலிருந்து கிளம்பிய ஒரு கிராமிய இசைக்குழு ராக் ரசிகர்களை வளைத்துப்போட்ட கதை

புடாபெஸ்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 85 கிலோமீட்டர். ரயில் ஒரே சமவெளியில் ஓடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மணல் பூமி, ஏப்ரிகாட் தோட்டங்கள், நடுநடுவே ஒற்றைப் பண்ணை வீடுகள். கெச்கெமேட் வந்துவிட்டது.

இந்த ஊரில் ரயில் நிலையத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. ஹங்கேரியின் மாபெரும் இசையமைப்பாளர்களில் ஒருவரான ஸோல்டான் கோடாய் 1882 டிசம்பர் 16-ல் பிறந்தது இந்த ஊர் ரயில் நிலையத்தில்தான். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம்.

ஊர்ப் பெயரில் ஆடு இருக்கிறது. 'கெச்கெ' என்றால் ஹங்கேரிய மொழியில் ஆடு. நகரச் சின்னத்திலும் அதே ஆடு. ஏப்ரிகாட்டிலிருந்து காய்ச்சும் பாலிங்கா என்ற பிராந்திக்கு ஊர் பேர்போனது. 2012-ல் மெர்சிடிஸ் கார் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழும் இந்த நகருக்கு உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வருவது பிராந்திக்காகவோ காருக்காகவோ அல்ல. பழைய ஃப்ரான்சிஸ்கன் மடம் ஒன்றில் 1975-ல் தொடங்கப்பட்ட கோடாய் இசைக் கல்வி நிலையத்துக்காக.

கோடாயின் கொள்கை எளிமையானது. குழந்தைக்குத் தாய்மொழி இருப்பதுபோல இசையிலும் ஒரு தாய்மொழி உண்டு; அது சொந்த மண்ணின் பாட்டு; அதிலிருந்துதான் பாடம் தொடங்கவேண்டும். வாத்தியம் அப்புறம், முதலில் குரல். ஸ்வரத்துக்கு ஒரு கை சைகை வைத்து, சின்னஞ்சிறுசுகளைப் பாடவைக்கும் முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தினசரி இசைப் பாடத்துடன் கூடிய முதல் ஆரம்பப் பள்ளி இதே ஊரில் 1950-ல் தொடங்கியது.

அந்த மண்ணின் பாட்டு எங்கே இருந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரர்கள் 'ஹங்கேரிய இசை' என்று நினைத்தது ஹோட்டல்களில் ஜிப்ஸி வாத்தியக்காரர்கள் வாசித்த ஜனரஞ்சகப் பாட்டுகளைத்தான். கோடாயும் அவரது நண்பர் பேலா பார்டோக்கும் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார்கள். மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். 1906-ல் இருவரும் சேர்ந்து முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் இருந்தவை 20 பாட்டுகள்.

கிழவிகளின் வாயிலிருந்து வந்த பழைய மெட்டுகளில் ஐந்தே ஸ்வரங்கள். மேலே தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்குபவை. மெட்டின் முதல் பாதியே ஐந்து ஸ்வரம் தாழ்ந்து இரண்டாம் பாதியாக வருவதும் உண்டு. அந்த ஐந்து ஸ்வரங்களை நம் கணக்கில் எழுதினால் ஸ க ம ப நி. நமது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ராக் கிடார் கற்கும் பையன் முதலில் பழகுவதும் அநேகமாக இதே ஐந்தைத்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் வழியாக ராக்குக்கு வந்தவை அவை. ஹங்கேரியக் கிழவியும் கிடார் பையனும் அறியாமலே ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சந்திக்க அதிக காலம் ஆகவில்லை. 1960-களில் இல்லேஷ் என்ற ராக் குழு நாட்டுப்புற மெட்டுகளின் சாயலில் பாட்டுகள் போட்டு இளைஞர்களைக் கவர்ந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த லெவெண்டெ ஸோரேன்யியும் யானோஷ் ப்ரோடியும் படைத்த ராக் இசை நாடகம், முதல் மன்னர் இஷ்ட்வானைப் பற்றியது. 1983 ஆகஸ்ட் 18-ல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவின் குன்றில் அரங்கேறியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதைதான். ஆனால் மன்னரையும் அவரை எதிர்த்து மாண்ட கோப்பானியையும் பார்த்தவர்கள் 1956 புரட்சியை நினைத்துக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் வாய்விட்டுச் சொல்லமுடியாததைப் பாட்டு சொன்னது.

இன்னொரு பாதை கிடாரையே தொடவில்லை. 1972 மே 6-ல் புடாபெஸ்டில் சில இளைஞர்கள் முதல் 'டான்ஸ்ஹாஸ்' நடத்தினார்கள். டான்ஸ்ஹாஸ் என்றால் நடன வீடு. ட்ரான்சில்வேனியாவின் ஸேக் கிராமத்தில் வாலிபர்கள் கூடி ஆடும் வழக்கத்தை அப்படியே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் ஆடவேண்டும்.

ஆனால் ஸேக் இருப்பது ருமேனியாவில். முதல் உலகப் போருக்குப் பின் 1920-ல் கையெழுத்தான ட்ரியனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பாட்டின் ஊற்றுகள் பல எல்லைக்கு அப்பால் போய்விட்டன. சௌஷெஸ்கு ஆட்சியில் டேப் ரிக்கார்டருடன் அந்தக் கிராமங்களுக்குப் போவது ஆபத்தில்லாத காரியமல்ல. 1988-ல் அவர் ஆயிரக்கணக்கான கிராமங்களை இடித்துத் தள்ளத் திட்டமிட்டபோது, ஜூன் 27-ல் புடாபெஸ்டின் வீரர்கள் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கிராமம் போனால் பாட்டும் போகும் என்ற பயம் வெறும் கற்பனையாக இருக்கவில்லை.

அதே 1988-ல்தான் கெச்கெமேட்டில் ச்சீக் இசைக்குழு பிறந்தது. வயலின் வாசித்துக்கொண்டே பாடும் யானோஷ் ச்சீக்கின் பெயரே குழுவுக்கும். தொடக்கத்தில் அசல் கிராமிய இசைதான். முதல் வயலின் மெட்டை இழுக்கும். கூடவே 'ப்ராச்சா' என்ற மூன்று தந்தி வாத்தியம். அதன் குதிரை வளைவாக இல்லாமல் தட்டையாக இருப்பதால் வில் ஒரே இழுப்பில் மூன்று தந்திகளையும் தொடும். தாளமும் சேர்ந்திசையும் ஒன்றாக வரும். அடியில் டபுள் பாஸ் உறுமும். நம் சந்தூரின் பெரிய அண்ணன் போன்ற சிம்பலோமும் சாக்ஸஃபோனும் பின்னர் சேர்ந்துகொண்டன.

திருப்பம் 2008-ல் வந்தது. மற்றவர்கள் நாட்டுப்பாட்டுக்கு ராக் சட்டை மாட்டினார்கள் என்றால், ச்சீக் குழு காரியத்தைத் தலைகீழாகச் செய்தது. 'இந்த ரயில் கிளம்பிவிட்டால் போகட்டும்' என்று பொருள்படும் தலைப்பில் வந்த ஆல்பத்தில் சமகால ராக் பாட்டுகளை எடுத்துக் கிராமத்து வயலினிடம் கொடுத்தது. பேய்ச் நகரின் கிஷ்பால் எஷ் அ போர்ஸ் குழுவின் பாட்டு ஒன்று. டூனாயுய்வாரோஷ் நகரில் பிறந்த குவிம்பி குழுவின் 'மோஷ்ட் மூலிக் பொண்டோஷன்' இன்னொன்று.

டூனாயுய்வாரோஷ், 1950-களில் உருக்காலைக்காக எழுப்பப்பட்ட நகரம்; பத்தாண்டு காலம் ஸ்டாலின் பெயரைச் சுமந்த ஊர். தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வந்த அந்தப் பாட்டு ச்சீக் குழுவின் கையில் மெதுவாக, ஒப்பாரி கலந்த காதல் பாட்டைப் போல நகர்கிறது. மூலம் தெரியாதவர்கள் நூறு வருஷத்துப் பாட்டு என்றே சொல்வார்கள். பாட்டியில்லாத ஒரு பாட்டுக்கு ச்சீக் குழு பாட்டியைத் தேடிக் கொடுத்துவிட்டது.

ராக் ரசிகர்கள் வந்தார்கள். வந்தவர்கள் அதே கச்சேரியில் ட்ரான்சில்வேனிய மெட்டுகளையும் கேட்டார்கள். கிஷ்பால் குழுவின் பாடகர் அன்ட்ராஷ் லோவாஷியே ச்சீக் குழுவினருடன் மேடையேறிப் பாடினார்.

இது கலப்படம் இல்லையா? கேள்வி நியாயமானதுதான். அரும்பாடுபட்டு ஹோட்டல் பாட்டிலிருந்து கிராமப் பாட்டைப் பிரித்தெடுத்தவர் கோடாய். அவர் பிறந்த ஊர்க்காரர்களே மறுபடி கலக்கலாமா? ஆனால் ட்ரான்சில்வேனியக் கிராமங்களில் ஹங்கேரிய மெட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக வாசித்துக் காத்தவர்களில் பெரும்பாலோர் ஜிப்ஸி வாத்தியக்காரர்களே. ஹங்கேரியருக்கு ஹங்கேரிய மெட்டும் ருமேனியருக்கு ருமேனிய மெட்டும் ஒரே வயலினில் வாசித்தவர்கள். கல்யாண வீட்டில் எது கேட்டார்களோ அது. சுத்தம் என்பது அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்டது. பாட்டைப் பிழைக்கவைத்தது கேட்க வந்த கூட்டம்.

யுனெஸ்கோ 2011-ல் டான்ஸ்ஹாஸ் முறையையும் 2016-ல் கோடாயின் வழியையும் பாரம்பரியப் பாதுகாப்புக்கு நல்ல உதாரணங்களாகத் தன் பதிவேட்டில் சேர்த்தது. இரண்டிலும் பாட்டைப் பூட்டிவைக்கும் யோசனை இல்லை. ஒன்று குழந்தைகளைப் பாடச் சொல்கிறது. மற்றது வந்தவர்களை ஆடச் சொல்கிறது.

கெச்கெமேட்டின் பிரதான சதுக்கத்தில், ஓடோன் லெக்னரும் ஜூலா பார்டோஷும் வடிவமைத்த நகர மண்டபத்தில் மணிகள் மெட்டிசைக்கின்றன. கோடாயின் இசையும் அதில் உண்டு. வெளியூர்க்காரர்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் நிற்பதில்லை. அவர்களுக்கு அது தெரிந்த பாட்டு.