நாலு வருஷ மேல்மண்

நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் எங்கள் வராந்தாவில் கூடுவார்கள். எல்லாம் நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். ஆங்கில இலக்கணத்தில் தகராறு இல்லை. யூடியூபில் பொறுக்கிவரும் வெற்றிச் சொற்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன. 'கில்ட் இட்', 'கிரஷ்ட் இட்', 'ஸ்மாஷ்ட் இட்'. அமெரிக்கன் ஜெயித்தால் எதையாவது கொல்லாமல், நொறுக்காமல் விடமாட்டான் போலிருக்கிறது. நமக்கும் 'பின்னிட்டான்', 'பட்டையைக் கிளப்பிட்டான்' உண்டு. ஆனால் 'பெரிசா கிழிச்சிட்டே' என்றால் கதை வேறு. மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு அம்மா சொல்வது அது.

'ஹோம் ரன்' மாதிரி பேஸ்பால் சொற்களுக்கு நான் மெனக்கெடுவதில்லை. சிக்ஸர் என்றால் புரிந்துகொள்வார்கள்.

'ஹிட் பே டர்ட்' வந்தபோதுதான் நிதானமாகப் பேசினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தங்க வேட்டைக்காரர்களிடம் புழங்கிய சொல். அலசினால் கட்டுப்படியாகும் மண்ணைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். இங்கே நெய்வேலியில் அந்த மண்ணைத் தொடவே காத்திருக்க வேண்டியிருந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். நடுவில் நாலு வருஷமும் வெட்டிக் கொட்டியது மேல்மண். போதாததற்கு, நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டும் நிலத்தடி நீரை வேறு இராப்பகலாக இறைக்க வேண்டும். "அந்த நாலு வருஷத்துக்கு ஸ்லாங் இருக்கா அங்கிள்?" என்றான் ஒருவன். எனக்குத் தெரிந்து இல்லை.

தொடர்ந்து ஜெயிப்பவனைச் சொல்லும் 'ஆன் எ ரோல்' என்றதும் தெர்மல் மின்நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவரின் மகள் சிரித்துவிட்டாள். "டர்பைன் ரோலிங்னு போன் வந்தா அப்பா லேசுல வீடு திரும்ப மாட்டார் அங்கிள்." உண்மைதான். பாய்லரைப் பற்றவைத்து, நீராவியை ஏற்றி, ஆறிக் கிடக்கும் இரும்பைப் பதமாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கொண்டுபோய் கிரிடோடு இணைக்க மணிக்கணக்காகும். அவசரப்பட்டால் ரோட்டர் அதிரும், மெஷின் ட்ரிப் ஆகும். 'ஃபுல் ஸ்டீம் அஹெட்' என்று மேல்தளத்திலிருந்து உத்தரவு போட்ட கப்பல் கேப்டனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கீழே கரி அள்ளிப் போட்டவனுக்குத் தெரிந்திருக்கும்.

மாதிரி நேர்காணலில் அவளிடம் "உன் பலம் என்ன?" என்று கேட்டேன். ஸ்லாங் எதுவும் வரவில்லை. கோல்டு ஸ்டார்ட் என்றால் என்ன என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, தன் படிப்பும் அப்படித்தான் சூடேறியது என்றாள். நானாயிருந்தால் அங்கேயே வேலையைக் கொடுத்திருப்பேன்.