செருப்பும் மருந்துதான்... வலி தெரியாத பாதங்களைக் காக்கும் கரிகிரி!

சென்னை சென்ட்ரலில் இருந்து சுமார் 130 கி.மீ. பெங்களூரு, கோவை, கேரளா என்று மேற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை காட்பாடியில் நின்றுதான் போகும். இறங்குகிறவர்களில் பலர் கையில் எக்ஸ்ரே கவரும் மெடிக்கல் ஃபைலும் இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் இந்தியிலும் பெங்காலியிலும் சரளமாகப் பேரம் பேசுவார்கள். ஏறக்குறைய எல்லோரும் போவது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் சி.எம்.சி-க்கு.

வேலூர் பக்கம் திரும்பாமல், காட்பாடி வட்டத்திலேயே இருக்கும் இன்னொரு மருத்துவமனையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அந்த இடத்தின் பெயர் கரிகிரி. ஷிஃபெலின் மருத்துவமனை என்றும் சொல்வார்கள். தொழுநோய் சிகிச்சையில் உலகமே திரும்பிப் பார்த்த இடம் அது. இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கு டாக்டர்கள் சொல்லும் பல பாடங்கள், இந்தப் பொட்டல் காட்டிலும் வேலூரிலும் கற்றுக்கொண்டவைதான்.

யானை மலையின் கீழே...

'கரி' என்றால் யானை. 'கிரி' என்றால் மலை. 1955-ல் இங்கே மருத்துவமனை தொடங்கியபோது பாறையும் சரளையுமாகத்தான் கிடந்தது நிலம். ஊருக்குள் தொழுநோயாளிகளை யாரும் சேர்க்காத காலம் அது. ஒதுக்கப்பட்ட மனிதர்களுக்கு, ஒதுக்குப்புறமாக ஒரு வறண்ட இடம்.

இங்கே அறுவை சிகிச்சை நிபுணராக இருந்து, பின்னாளில் இயக்குநராகவும் ஆன டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி, அந்த நிலத்தையும் ஒரு நோயாளியைப் போலவே கவனித்தார். மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் வரப்பு கட்டினார். வருஷா வருஷம் மரக்கன்று நட்டார். சரளைக் காடு மெல்ல மெல்லத் தோப்பாக மாறியது.

கொல்லிமலைக்காரர்

கரிகிரி என்றதும் சொல்லவேண்டிய இன்னொரு பெயர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். பிறந்தது நம்ம கொல்லிமலையில். ஒன்பது வயது வரை மலைப்பிள்ளைகளோடு வளர்ந்தார். பிறகு படிக்க இங்கிலாந்து போனார். நேராக மருத்துவம் படிக்கவில்லை. முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். உளி பிடித்த அந்தக் கைதான் பின்னாளில் கத்தி பிடித்தது.

1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். கொஞ்ச காலத்தில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. டாக்டருக்கு வலித்தது, பிடித்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. அப்படியென்றால் கையில் பலம் போகவில்லை. சில தசைகளுக்குப் போகும் நரம்புதான் செத்திருக்கிறது. நல்ல தசையின் தசைநாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. தொங்கிப்போன பாதத்தைத் தூக்கி நிறுத்தவும் இதே வழி பயன்படுகிறது.

கை நிமிர்ந்தால் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. "இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை" என்று சிகிச்சை முடிந்தவர்களே வந்து சொன்னார்கள். வேலை தரவும் ஆளில்லை. அதனால் 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சின்னக் குடியிருப்பு உருவானது. தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர்.

விரலைத் தின்றது யார்?

தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்பதுதான் ஊர் நம்பிக்கை. நவஜீவ நிலையத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணற, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

இன்னொரு புதிர். இரவில் நன்றாகப் படுத்தவர்கள் காலையில் எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருந்தது. ராத்திரி கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் கையை உதறவில்லை. எலி நிதானமாகக் கடித்திருக்கிறது. அதன்பிறகு நோயாளிகள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுப்புச் சூடு, ஆணி, முள், எலி... கையையும் காலையும் சிதைப்பது இவைதான் என்று புரிந்தது. நோய்க்கிருமி நரம்பைச் சாகடிக்கிறது. மிச்சத்தை, வலி தெரியாத அன்றாட வாழ்க்கை செய்துமுடிக்கிறது.

ஒரு குண்டூசி இரவு

வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய பயம் என்பதை பிராண்டே ஒரு ராத்திரி அனுபவித்தார். 1950-களில் ஒருமுறை, கப்பலில் இங்கிலாந்து போய் இறங்கி, உடம்பு சரியில்லாமல் ரயிலில் ஒடுங்கி உட்கார்ந்தபடியே லண்டன் சேர்ந்தார். ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. குண்டூசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவி மக்களைத் தொடக்கூடாது, இனி எங்கே போய் வாழ்வது என்று விடியும்வரை தூங்கவில்லை. காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். 'ஆ!' என்று கத்திவிட்டார். ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு வந்த வலிக்கு நன்றி சொன்னதாகப் பின்னர் எழுதியிருக்கிறார்.

மாவுக்கட்டும் மெத்தென்ற ரப்பரும்

கல் குத்தினால் நாம் உடனே காலைத் தூக்குகிறோம். ரொம்ப தூரம் நடந்தால் நமக்கே தெரியாமல் எடையைக் குதிகாலுக்கோ பக்கவாட்டுக்கோ மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சி போன பாதம் இதைச் செய்யாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி, தோலுக்குக் கீழே திசு நசுங்கி, ஒருநாள் புண்ணாக உடையும். புண் வந்த பிறகும் வலிக்காது. அதே புண் மேலேயே நடப்பார்கள்.

அதனால் களிம்பைவிட முக்கியம், பாரம் இறங்குவது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டையே பாதத்தோடு ஒட்டினாற்போல போட்டால், எடை பரவலாகப் பிரிந்து புண் தானே ஆறும். இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் 1930-களிலேயே இதைச் செய்தார். வேலூரிலும் கரிகிரியிலும் அந்த முறை நன்றாகக் கைகொடுத்தது.

ஆறிய புண் திரும்ப வராமல் இருக்க வேண்டுமே? அதற்குத்தான் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர். 'ஷோர்' என்ற கெட்டித்தன்மை அளவில் சுமார் 15. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஏறக்குறைய பாதியாக அமுங்கி, விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். அதுதான் நல்ல ரப்பருக்கு அடையாளம்.

பாதம் படுகிற பக்கம் மென்மை. தரையில் படுகிற பக்கம் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, ஏறினால் காலுக்குத் தெரியாது. கழன்று போகாமல் இருக்க குதிகாலுக்குப் பின்னால் வார். விரல் மடங்கியவர்களும் எளிதாக மாட்ட ஒட்டும் பட்டை. செருப்பைத் தைப்பவரும் இங்கே பாதி டாக்டர்தான். பாதத்தில் எங்கே காய்ப்பு, எங்கே பழைய தழும்பு என்று பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

செருப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்த்தவுடன் 'அந்த நோய்க்காரர் செருப்பு' என்று தெரிந்தால் யார் போடுவார்கள்? பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிடக் கூடாதே என்று ஒளித்து வைக்கும் நிலைமை வந்தால், மருந்து இருந்தும் பயனில்லை. சாதாரணச் செருப்பு மாதிரியே தெரிய வேண்டும் என்பதும் இதனால் சிகிச்சையில் சேர்ந்துவிட்டது.

இன்றைக்கு யாருக்கு இது?

தொழுநோய்க்கு 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானாகவே எதிர்த்துவிடும். தொட்டுப் பேசுவதால் ஒட்டிக்கொள்ளாது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்தான். உணர்ச்சியில்லாத, நிறம் வெளிறிய தேமல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அப்போது இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே புண், அதே இடம், அதே காரணம் என்று கண்டார். வேலூரில் கற்ற மாவுக்கட்டும் மென்செருப்பும் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 2003-ல் அவர் மறைந்தார்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். கரிகிரியின் பாடம் இப்போது ஏறக்குறைய எல்லாத் தெருவுக்கும் தேவை. அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டியவை இவை:

* தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம், அல்லது தரையில் ஒரு கண்ணாடி போதும்.

* புறங்கையை இரண்டு பாதங்களிலும் கணுக்காலிலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகவோ வீக்கமாகவோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

* செருப்பை மாட்டும் முன் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

* தொழுநோயில் காய்ந்து வெடித்த பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகள் ரொம்ப நேரம் ஊறவைக்கக் கூடாது. கழுவி, துடைத்து, விரல் இடுக்கை விட்டு மற்ற இடங்களில் எண்ணெயோ கிரீமோ தடவினால் போதும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

* ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் வெட்டாதீர்கள்.

* வருஷத்துக்கு ஒருமுறை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்துப் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

அடுத்த முறை ரயில் காட்பாடியில் நிற்கும்போது, மலைப்பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம். அப்படியே, அப்பாவோ பாட்டியோ "கால்ல வலியே இல்லப்பா, மரத்த மாதிரி இருக்கு" என்று எப்போதாவது சொன்னார்களா என்றும் யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அவர்களின் சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பதுதான்.