குருதிப் பாடமும் வீட்டுச் சோறும்

க.பொ.த. உயர்தர மாணவிகளுக்குப் பல வருடங்களாக உயிரியல் கற்பித்து வருகிறேன். பாடத்தைப் பரீட்சைக்கு மனனம் செய்ய வைப்பது கஷ்டமல்ல. அது தங்கள் உடலைப் பற்றிய பாடம் என்று உணர வைப்பதுதான் கஷ்டம். அதற்கு எனக்குப் பெரிதும் கைகொடுப்பது குருதி பற்றிய பாடம்.

ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்களே வாழும். அதிலுள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. ஈமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து அவசியம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "காலையில் சாப்பிட்டு வந்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பேன். பாதி வகுப்புக்கூடக் கை உயர்த்தாது. பலருக்கு ஒரு பிளேன்டீதான் காலை உணவு.

ஒரு வருடம் கெட்டிக்கார மாணவி ஒருத்தி, இரண்டாம் பாடவேளைக்குள்ளேயே மேசையில் தலை சாய்த்துவிடுவாள். சோம்பேறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளது கீழிமையின் உட்புறம் வெளிறிக் கிடந்தது. தாயை அழைத்து, குருதிப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஈமோகுளோபின் 8 கிராம். பருவமடைந்த பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே அது குருதிச்சோகை.

"ஆம்பிளைப் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் டீச்சர் நாங்கள் இருக்கிறது. மீன் மிஞ்சினால் அவளுக்கும் ஒரு துண்டு" என்றார் தாய். அவரிடம் கோபிக்க முடியவில்லை. அவரும் அப்படி வளர்ந்தவர்தானே.

14 முதல் 18 வயது வரையான ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாயில் குருதியை இழக்கும் பெண்ணுக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப மகளுக்குத்தான் கூடத் தேவையா?" என்று திகைப்போடு கேட்டார். அந்தக் கேள்வி எந்தப் பரீட்சை விடையையும் விடப் பெறுமதியானது.

வைத்தியர் தந்த மாத்திரைகளோடு வீட்டுச் சாப்பாடும் மாறியது. சில மாதங்களில் அந்தப் பிள்ளை வகுப்பில் நிமிர்ந்திருந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

தாய்மார்களே, மீன், நெத்தலி, ஈரல், பருப்பு, கீரை எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள தனின் உறிஞ்சலைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். தலசீமியாக் காவிகளுக்கும் ஈமோகுளோபின் குறைவாக இருக்கலாம். ஆகவே பரிசோதிக்காமல் மாத்திரை கொடுக்க வேண்டாம்.

சட்டியில் மிஞ்சியது மகளுக்கு என்ற வழக்கத்தை இன்றைய இராச் சாப்பாட்டிலேயே நிறுத்திவிடுங்கள். அவளுக்கும் முதலிலேயே பரிமாறுங்கள். நீங்களும் கூடவே இருந்து சாப்பிடுங்கள்.