ராத்திரி ஷிப்ட்

எங்கள் பக்கம் நர்சிங் ஹோம் என்று போர்டு மாட்டியிருந்தால் அது பிரசவ ஆஸ்பத்திரி. நான் வேலை பார்ப்பது வேறு மாதிரி இடம். படுக்கையில் விழுந்தவர்களையும் நினைவு தப்பியவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம், பல்லடத்துக்கு வெளியே. இதற்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. முதியோர் இல்லம் என்றால், 'பெத்தவங்களைக் கொண்டுபோய்த் தள்ளிட்டாங்களா?' என்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால், 'எப்ப டிஸ்சார்ஜ்?' என்கிறார்கள்.

பதினாறு வருடமாக நர்ஸ். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸும் கூட இருந்தவர்களும் 1962இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கை கால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு என்று ஐந்து தலைப்பு, மொத்தம் 20. பதினாலோ அதற்குக் கீழோ போனால் புண் வர வாய்ப்பு அதிகம். இன்றைக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். 'இவர் என்ன வேலை பார்த்தவர்?' என்ற கேள்வி அதில் கிடையாது. அது நார்ட்டனின் குறையல்ல, நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அப்பாரு வந்தார். வயது 78. மறதி நோய், கூடச் சர்க்கரை. பகலெல்லாம் சாமியாடுவது போலத் தூங்கி விழுவார். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் எழுந்துவிடுவார். வார்டில் இந்தப் பக்கம் நாலு கட்டில், அந்தப் பக்கம் நாலு. நடுவில் நடப்பார். ஒவ்வொரு கட்டில் கம்பியிலும் கை வைத்து, குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போவார். படுத்திருப்பவர்கள் அலறுவார்கள்.

முன்பு நான் இருந்த ஓரிடத்தில் இப்படிப்பட்டவர்களைத் துண்டால் கட்டிலோடு கட்டிவிடுவோம். நானும் கட்டியிருக்கிறேன். பணியாளர் வசதிக்காகக் கட்டிப்போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1987இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நான் கட்டியது அதற்கு இருபது வருடத்துக்கும் பிறகு.

அப்பாருவைக் கட்டவில்லை. தூக்க மாத்திரை கொடுத்தோம். 'இரவு உறக்கம்: நன்று' என்று ரெஜிஸ்டரில் என் கையால் எழுதினேன். மூன்றாம் நாள் வாயில் வைத்த இட்லியை மெல்லாமல் அப்படியே இருந்தார். மதிப்பெண் பதினாறிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது. குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தார். மாமனாரைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏனுங்க சிஸ்டர், ராத்திரி இவரைத் தூங்கச் சொன்னீங்களா? முப்பது வருசம் தறி ஓட்டுனவருங்க. பகல் ஷிப்டே ஆகாதும்பாரு. ரெண்டு மணிக்கு டீ வெக்கோணும், அவ்வளவுதானுங்க" என்றார்.

எட்டுக் கட்டில், எட்டுத் தறி. இழை அறுந்திருக்கிறதா, தார் நூல் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார் மனுஷன்.

டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார், சர்க்கரை மாத்திரை நேரத்தையும் மாற்றினார். ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை போடாத டீ. வராந்தாவில் வாட்ச்மேனோடு ஒரு நடை. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை திரையை இழுத்துவிட்டுத் தூங்க விட்டோம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகாலில் எடை படாமல் தூக்கி வைத்ததில் சிவப்பு பத்து நாளில் மறைந்தது. ரெஜிஸ்டரில் மட்டும் தினமும் 'இரவு உறக்கம்: இல்லை'. பார்வையிட வருகிறவர்கள் அந்த வரியில்தான் விரல் வைப்பார்கள்.

காது விஷயம் இன்னும் தாமதமாகத்தான் பிடிபட்டது. சொன்னால் கேட்கமாட்டார், பிடிவாதம் என்று எழுதி வைத்திருந்தோம். தறிச் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு மேல்ஸ்தாயிதான் முதலில் போகும். பேச்சு கேட்கும், வார்த்தை பிரியாது. நாங்கள் கீச்சுக் குரலில் கத்தக் கத்த அவருக்கு இரைச்சல்தான் கூடியது. தறி குடோனில் ஆட்கள் வாயசைவையும் கைச் சைகையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் இந்தப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே வைத்திருந்தார்களாம். நாங்களோ மாஸ்க் போட்டுக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறோம். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒடிசாப் பெண் ஒருத்தி எங்களிடம் வேலை செய்கிறாள். அவளிடம் மட்டும் அவர் சாதுவாக இருந்ததற்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, முகத்தாலும் கையாலும் பேசுகிறவள்.

பழைய தொழிலைத் தெரிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். காட்டு வேலை செய்த ஓர் ஆத்தாவுக்குக் கை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு முறம் கடலைக்காயை முன்னால் வைத்தேன். "காலம்பூரா தொலிச்சாச்சு. இங்க வந்துமா?" என்று முறத்தைத் தள்ளிவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வாசலில் ஒரு நாற்காலி.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்பவர் 1997இல் மறதி நோய் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கெட்ட எண்ணம் இல்லாத பணியாளர்களே அன்றாடம் செய்யும் பதினேழு தப்புகளை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஒன்று, பெரியவர்களைக் குழந்தையாக்குவது. 'கண்ணு, ஆ காட்டு' என்று நாங்கள் ஊட்டுகிறோமே, அதுதான். எங்கள் ஊரில் கண்ணு என்பது மூத்தவர் இளையவரைக் கூப்பிடுகிற வார்த்தை. அதைத் திருப்பிப் போட்டால் எண்பது வயசு மனுஷருக்கு எப்படி இருக்கும்?

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், ஆதரவற்ற 150 பேராவது தங்குகிற இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. வேண்டியதுதான். அந்த 150 பேரில் ராத்திரி டீ யாருக்கு என்பதை அங்கே வேலை பார்க்கிறவர்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இப்போது நாலு கேள்வி கூடியிருக்கிறது. என்ன வேலை, எந்த ஷிப்ட், எந்தக் காது கேட்கும், எப்படிக் கூப்பிட வேண்டும். பேனாவை மகன்தான் வாங்குகிறார். பதில் பெரும்பாலும் மருமகளிடமிருந்து வருகிறது.