உமியும் ஒளியும்

நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, குற்றிச் சோறாக்கும் வரையில் அதனினின்று கழிந்து போவன பல. அவை ஒவ்வொன்றுக்கும் நம் உழவர் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். தாள் வைக்கோல் ஆகும், மணி பிடியாதது பதர் ஆகும், அரைகுறையாக முற்றியது கருக்காய் ஆகும், மேல்தோல் உமி, உள்தோல் தவிடு, உடைந்தது நொய். நெல்லோடு நின்றதா? சோளத்துக்குத் தட்டை, பருத்திக்கு மார், கரும்புக்குச் சோகையும் சக்கையும், மரவள்ளிக்குக் குச்சியும் திப்பியும் என்று அவ்வரிசை நீண்டுகொண்டே போகும். குப்பை என்னும் ஒரே சொல்லால் இவற்றையெல்லாம் தள்ளிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. பயனற்ற பொருளுக்கு யார் பெயர் தேடிக்கொண்டிருப்பர்?

உமியையே எடுத்துக்கொள்வோம். பொற்கொல்லர் உமியோட்டில் நெருப்பைக் கனியவைத்துப் பொன்னுருக்கினர். குயவர் சூளைக்கு அதனைக் கொண்டனர். சுவருக்குப் பூசும் மண் வெடிக்காமல் இருக்க அதனோடு உமியைக் கலந்து மிதித்தனர். எங்கள் இளமையில் உமிக்கரி கொண்டு பல் துலக்காத வீடு அரிது. கரியால் பல் துலக்குவதை நாகரிகமன்று என்று எள்ளிய உலகம், இன்று கரி கலந்த பற்பசையைக் குழாயில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறது! அது நிற்க.

'நான் உமி கொண்டு வருகிறேன், நீ அவல் கொண்டு வா, இருவரும் ஊதி ஊதித் தின்போம்' என்பது நீங்கள் கேட்டிருக்கக்கூடிய பழமொழி. கூட்டாளியை ஏய்ப்பவனைச் சுட்டப் பிறந்தது அது. உமிக்கு விலையில்லை என்பதே அதன் அடிப்படை. ஆனால் உமி கொண்டு வருபவனும் மதிப்புடைய கூட்டாளி ஆகும் காலம் வந்திருக்கிறது. உமியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்? உமியைத் திறந்தவெளியில் கொளுத்தினால் அது வெப்பத்தையும் புகையையும் தந்து சாம்பலாகும். அதனையே ஒரு மூடிய கலத்தில் இட்டு, முழுதும் எரிவதற்குப் போதாத அளவே காற்றை உள்ளே விட்டால், உமி கனன்று ஒருவகை வாயுவை வெளிவிடும். அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சிறிது மீத்தேனும் உண்டு; இம்மூன்றும் எரியக்கூடியன. கார்பன் மோனாக்சைடு நஞ்சு. ஆதலின் கலத்திலும் குழாயிலும் கசிவு இருத்தல் ஆகாது. இவ்வாயுவைக் குளிரவைத்து, அதிலுள்ள தாரையும் தூசியையும் வடிகட்டி நீக்கி, அதற்கேற்ப மாற்றியமைத்த எஞ்சினுக்குள் செலுத்தினால் எஞ்சின் ஓடும். எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றும்.

இது புதிய வித்தையன்று. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோல் கிடைக்காமல் நம் நாட்டுப் பேருந்துகள் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. கரி வாயுவினால் ஓடியமையால் அவற்றைக் கரி பஸ் என்றே மக்கள் அழைத்தனர். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும் என்றும், ஏறியவர்கள் இறங்கித் தள்ளுவார்கள் என்றும் என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி ஒரு சிறு கணக்கு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. 75 கிலோ மூட்டை ஒன்றில் 15 கிலோ உமி கிடைக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை கிலோ உமி செலவாகும் என்று கொள்வோமானால், அந்த மூட்டையின் உமி 10 யூனிட் தரும். 10 வாட் விளக்கு ஒன்று ஒரு யூனிட்டில் 100 மணி நேரம் எரியும். 10 யூனிட்டில் 1000 மணி நேரம் எரியும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தால் 200 இரவுகள்! ஒரு மூட்டை நெல்லை உண்டு தீர்த்த குடும்பம், அதன் தோலைக்கொண்டு அரையாண்டுக்கு மேல் விளக்கெரிக்கலாம் என்பது வியப்பன்றோ?

இவ்வியப்பைச் செயலாக்கிக் காட்டியவர்கள் பீகார் மாநிலத்து இளைஞர்கள். ஞானேஷ் பாண்டே என்பவர் அமெரிக்காவில் பொறியியல் படித்து, அங்கேயே பணியாற்றி வந்தவர். மின்சாரம் எட்டாத தம் பகுதியை எண்ணித் தாயகம் திரும்பினார். நண்பர் ரத்னேஷ் யாதவோடு கூடி, 2007ஆம் ஆண்டில் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா என்னும் சிற்றூரில் உமியினால் இயங்கும் மின் நிலையத்தை நிறுவினார். மனோஜ் சின்கா முதலியோரும் இம்முயற்சியில் பங்கு கொண்டனர். அவர்கள் தொடங்கிய நிறுவனம் ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் எனப் பெயர் பெற்றது.

அவர்கள் கையாண்ட முறையில் என்னைக் கவர்ந்தது அதன் எளிமை. மின்கம்பத்துக்கு மூங்கில், ஊருக்குள்ளேயே சிறு நிலையம், மாலை தொடங்கி இரவில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம், வீட்டுக்கு இரண்டு விளக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியும், மாதம் ஏறத்தாழ நூறு ரூபாய். மண்ணெண்ணெய்க்கு அவ்வூரார் அதுவரை கொடுத்து வந்ததைவிட அது குறைவு. எஞ்சிய சாம்பலைக்கூட எறியாமல், அதனைக்கொண்டு ஊர்ப் பெண்கள் ஊதுவத்தி செய்தனர். பிற்காலத்தில் அந்நிறுவனம் சூரிய ஒளியையும் துணைக்கொண்டு, பின்னர் அதனையே பெரிதும் நாடலாயிற்று. இவர்களுக்கு முன்பே, 1988இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கருநாடகத்தின் துமகூரு மாவட்டத்து ஹோசஹள்ளியில், மரத்துண்டுகளிலிருந்து பெற்ற வாயுவினால் அச்சிற்றூருக்கு விளக்கேற்றியதும் நினைக்கத்தக்கது.

தம்குஹாவில் விளக்கு எரிந்தமைக்குக் காரணம் உமி மட்டும் அன்று. அந்த உமி, ஒளி வேண்டிய மக்களின் அருகிலேயே குவிந்து கிடந்தது. இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஏனெனில் எங்கள் பக்கத்து நிலை வேறு.

2019ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி. அரிசி ஆலைகள் இங்கே பல உள. அவற்றின் கொல்லைப்புறத்து உமிக்குன்றுகளைப் பேருந்தில் செல்லும்போதே காணலாம். புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்க அதே உமியை எரிக்கின்றனர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நூறு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ முப்பது டன் சக்கை நிற்கும். சக்கையை எரித்து நீராவி எழுப்பி, அதனால் மின்சாரம் எடுத்து, தம் தேவை போக எஞ்சியதை விற்கும் சர்க்கரை ஆலைகள் தமிழ்நாட்டில் பல. மலையில் தோண்டிய மரவள்ளிக் கிழங்கு லாரியில் இறங்கி, சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசி ஆகிறது. அவ்வட்டாரத்து ஆலைகள் சில, கிழங்கு கழுவிய கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கி, எரிவாயு பிடித்து, மின்னாக்கியை ஓட்டுகின்றன. ஆக, கழிவு எங்கே சேர்கிறதோ அங்கே ஒளியும் சேர்கிறது. கிழங்கு விளைந்தது மலையில். அதன் கழிவு தந்த ஒளியோ அடிவாரத்துக்கும் அப்பால்.

நான் பணியாற்றிய காலத்தில் சில ஆண்டுகள் கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் எங்கேனும் ஒரு மரம் கம்பியின்மேல் சாயும். பிறகு இரண்டு நாளோ மூன்று நாளோ இருள்தான். தேர்வு நெருங்கும் காலத்தில் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு தலைகள் குனிந்திருக்கும். முன்னிருப்பவன் தலையின் நிழல் பின்னிருப்பவன் ஏட்டில் விழும். அவன் இவனைத் தள்ளுவான், இவன் அவனைத் தள்ளுவான், விளக்கு சாயும். யாப்பிலக்கணம் அந்நிலையில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற பின்னரும் ஆண்டுக்கு ஒருமுறை அம்மலைக்குச் சென்று வருகிறேன். சென்ற தை மாதம் வெள்ளிமலையைக் கடந்து ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். கிழங்கு தோண்டிய காட்டின் ஓரத்தில் மரவள்ளிக் குச்சிகள் மலைபோல் கிடந்தன. மறுநடவுக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கொளுத்திவிடுவது வழக்கம். தம்குஹாவின் கதையை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தமிழையா, குச்சி எங்களிடம் உண்டு. இந்தக் காட்டில் இருப்பதை அந்தக் காட்டில் இருப்பதோடு சேர்ப்பது யார்? நறுக்குவது யார்? மழைக்காலத்தில் ஈரம் படாமல் காப்பது யார்? அவர்களுக்குக் கூலி யார் தருவார்கள்?" என்று கேட்டார்.

நூலில் படித்தவனை நிறுத்திவிடும் கேள்விகள் அவை. ஆலையில் குவியும் உமி வேறு. மேடும் பள்ளமுமான நிலத்தில் சிதறிக் கிடக்கும் குச்சி வேறு. கழிவு இலவசம் என்பார்கள். ஆனால் அதனைச் சேர்க்கும் கை இலவசமன்று. மேலும், எல்லாக் கழிவும் கழிவன்று. வைக்கோலை அடுப்பில் வைத்தால் மாடு எதைத் தின்னும்? இன்னொன்றும் உண்டு. பயிர்க்கழிவினால் இயங்கும் பெரிய மின் நிலையங்கள் தமிழ்நாட்டில் பல இடங்களில் எழுந்தன. அவை வாங்கத் தொடங்கியதும், நேற்றுவரை கேட்பாரற்றுக் கிடந்த பொருளுக்கு விலை ஏறிற்று. விலை கட்டாமல் சில நிலையங்கள் நின்றும் போயின. சிறிதாகவும் அருகிலும் இருக்கும்வரைதான் உமி மலிவு.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியார் இதனைச் சிறிய அளவிலேயே செய்து பார்த்தனர். மரக்கழிவு வாயுவினால் 9 கிலோவாட் பொறி ஒன்றை இயக்கி, ஊருக்குக் குடிநீர் ஏற்றினர். பின்னர், 2006இல், ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினர். மின்சாரத்தை வாங்குவோராக இருந்தவர்கள் அதனை விற்போரும் ஆயினர். பொறி எதுவாயினும் உடைமை ஊருடையதாக இருந்தது என்பதே நான் அதில் காணும் சிறப்பு.

கல்வராயன் மலையின் பல ஊர்களுக்கு இன்று மின்கம்பி ஏறிவிட்டது. வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை அரசு கட்டணமின்றி அளிக்கிறது. ஆதலின் நாலு விளக்குக்காக உமியைத் தேட வேண்டிய நிலை அங்கே இல்லை. அப்படியானால் எதற்காகத் தேடுவது? இதனைப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் முறத்தோடு அமர்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியார், கையை நிறுத்தாமலேயே பேசினார்:

"விளக்கு எரியட்டும் தமிழையா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாமை குற்ற ஒரு பொறி முதலில் இங்கே வரட்டும். உரலில் குற்றிக் குற்றித் தோள் போயிற்று. கீழே ஆலைக்குக் கொடுத்தனுப்பினால் அரிசி மட்டும்தான் வீடு வந்து சேருகிறது. உமியும் தவிடும் அங்கேயே நின்றுவிடுகின்றன. என் கோழிக்குத் தவிடு நான் விலை கொடுத்து வாங்குகிறேன்."