பொறுமைக்கு ஓர் எண்

எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும்: 92, 95. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த இளைஞரைக் கேட்டாலும் 95 என்றால் பலம் கூடியது, வேகம் கூடியது என்றே சொல்வார். நூறு சிசி ஸ்கூட்டருக்குக் கூடுதல் விலை கொடுத்து 95 அடித்துவிட்டு, "காக்கா, இப்ப வேற மாதிரி இழுக்குது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். இழுப்பது அவருடைய மனம் என்று நான் சொல்லவில்லை, எழுதித்தான் வைக்கிறேன்.

ஒக்டேன் எண் பலத்தை அளப்பதன்று. எரிபொருளின் பொறுமையை அளப்பது. சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்து அமுக்கப்படுகின்றன. அமுக்க அமுக்கச் சூடேறும். பிளக்கின் பொறி விழுந்து, தீ ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைத் தள்ள வேண்டும். பொறுமையில்லாத எரிபொருளோ அந்தத் தீ வந்து சேர்வதற்கு முன்பே ஒரு மூலையில் தானாக வெடித்துவிடும். மேடேறும்போது எஞ்சினுக்குள் சிறு சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும் சத்தம் அதுதான். ஐசோ ஒக்டேன் என்ற திரவம் மிகப் பொறுமையானது; அதற்கு 100 என்று வைத்தார்கள். ஹெப்டேன் அவசரக்காரன், அதற்குப் பூச்சியம். நூற்றுக்கு 92 பங்கு முன்னதும் 8 பங்கு பின்னதும் கலந்த கலவை எப்படித் தாங்குமோ அப்படித் தாங்கும் பெற்றோல் 92. ஒரு லீற்றரில் அடங்கிய சக்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

அப்படியானால் 95 யாருக்கு? கலவையை மிக இறுக்கமாக அமுக்கும் எஞ்சின்களுக்கும், டர்போ மூலம் காற்றைத் திணிக்கும் எஞ்சின்களுக்கும். பந்தயக் கார்களின் இரகசியத்தில் பாதி இந்த இறுக்கம்தான். 2020 டிசம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம் 100 ஒக்டேன் பெற்றோலை இந்தியாவில் அறிமுகம் செய்தபோது அது குறிவைத்ததும் இத்தகைய விலையுயர்ந்த வண்டிகளையே. இன்றைய கார்களில் தட்டும் சத்தத்தை உணரும் கருவி இருக்கிறது. தட்டினால் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும்; அதற்கு ஈடாகச் சக்தியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே, கைநூலில் 95 என்று போட்டிருந்தால் 95 அடிப்பதே இலாபம். 91 போதும் என்று போட்டிருந்தால் மிச்சக் காசுக்கு மீன் வாங்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்கள் "இங்கே 87தான், உங்கள் பெற்றோல் எங்களுடையதைவிட மேல்" என்று பெருமூச்சு விட வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் இரு சோதனை முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 நம் கணக்கில் 91, 92 அளவில் வரும். டுபாயின் 91, 95, 98 நம்முடைய கணக்கே.

பொறுமையைக் கூட்ட எதையாவது கலக்கலாம் என்ற எண்ணத்துக்கு நூறாண்டு வயது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸில் வேலை செய்த தோமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் தட்டுதல் நின்றுவிடுவதைக் கண்டார். விற்பனைக்கு வந்தபோது அதற்கு 'எதைல்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் விளம்பரத்தில் இல்லை. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தனர். அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்தார். அவர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்தார். ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். முந்திய ஆண்டு இதே ஈயத்தால் நோயுற்று அவர் ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். அன்று அந்த அறையில் இருந்த செய்தியாளர்களில் ஒருவனாக என்னைப் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். வாடை அடங்குமுன் அலுவலகத்துக்கு ஓடித் தலைப்புப் போடத்தான் என் கையும் துடித்திருக்கும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. உலகில் கடைசியாக விற்ற அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் அந்தப் புகையில் வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

இப்போது உதிரிப்பாகக் கடைகளில் சிறு போத்தல்கள் வந்திருக்கின்றன, ஒக்டேன் கூட்டுவதாக. சிலவற்றில் மங்கனீசு, சிலவற்றில் இரும்புச் சேர்மம், சிலவற்றில் வெறும் மதுசாரம். "மூன்று புள்ளி கூடும்" என்று எழுதியிருந்தால் 92 என்பது 95 ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வியாபாரத்தில் புள்ளி என்பது பெரும்பாலும் பத்தில் ஒன்று, 92.3 கிடைக்கும். சிலிண்டரைச் சுத்தம் செய்யும் மருந்துகள் வேறு சாதி. அவற்றுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

எண்ணைக் கூட்டுவோரைவிட அதைக் குறைப்போரே எங்கள் ஊரின் உண்மையான பிரச்சினை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகமிகக் குறைவு. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் சிக்கிய யாழ்ப்பாணத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை ஓட்டினார்கள். அந்தக் கிழட்டு எஞ்சின்கள் கலவையை அதிகம் அமுக்காதவை, இருமிக்கொண்டே ஓடின. இன்றைய எஞ்சினிடம் அந்தச் சகிப்பை எதிர்பார்க்க முடியாது.

2022 ஜூன் 26இல் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. மண்ணெண்ணெயின் அரச விலை அப்போதும் 87 ரூபா. இரண்டும் சீராகக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் இந்த இடைவெளி கலப்படக்காரனைக் கூவி அழைத்தது. என் சகோதரியின் மகன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். வரிசையில் நின்று அலுத்து, வீதியோரத்தில் யாரோ விற்ற போத்தல் பெற்றோலை வாங்கி ஊற்றினான். மூன்றாம் நாள் வண்டி தட்டத் தொடங்கியது. ஒரு வாரத்தில் நின்றது. கராஜில் திறந்தபோது பிஸ்டனின் தலை அரித்திருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கியிருந்தது. "மாமா, மணத்துல தெரியல்ல" என்றான். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெற்றோல் அடையாளமின்றிப் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுப்போகும் என்று அன்று அவனுக்குக் காட்டினேன். ஜூலையில் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு ஐந்து லீற்றர் கிடைத்தபோது அவனிடம் ஓட்ட வண்டியில்லை. கடன்பட்டுத்தான் எஞ்சினைச் சரிசெய்தான்.

அதே மண்ணெண்ணெய்தான் சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் படகு எஞ்சின்களுக்கு உயிர். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட, குறைந்த அமுக்கத்தோடு வடிவமைக்கப்பட்டவை அவை. 2022 ஓகஸ்ட் 21இல் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்தது. கலப்படக்காரனின் இலாபம் சுருங்கியது உண்மை. அந்தச் சுருக்கத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள், ஒருநாளும் பெற்றோலில் எதையும் கலந்திராத எங்கள் மீனவர்கள். ஒரு தடவை கடலுக்குப் போக ஆகும் எண்ணெய்ச் செலவு ஒரே இரவில் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. மீனின் விலை நான்கு மடங்காகவில்லை.