டான்ஜியரில் தோற்ற கதை

1444 நவம்பர் 11. வார்னாப் போரில் போலந்து மன்னன் மாண்டதற்கு மறுநாள். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ என்னும் கணினி விளையாட்டு அன்றுதான் கண் திறக்கிறது. புதியவர்களுக்குப் போர்ச்சுகலே உகந்தது என்று அறிந்தவர்கள் சொல்ல, நாங்கள் இருவரும் அதையே தேர்ந்தோம்.

சரித்திர நாவல்களில் ஊறியவர்கள் அல்லவா, படை திரட்டத் தயக்கமே இல்லை. தக்க காரணம் ஏதுமின்றி மொராக்கோ மீது போர் அறிவித்தோம். நாட்டின் நிலைத்தன்மை அக்கணமே சரிந்தது. படையோ டான்ஜியரில் இறங்கி, எதிரியைக் காணும் முன்பே கரையத் தொடங்கியது. ஒரு நிலம் தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களைக் குவித்தால் மாதந்தோறும் மடிவார்கள் என்பதை அறிய எங்களுக்கு மூன்று மாலைகள் ஆயின. (நாங்கள் படித்த நாவல்களில் படைக்கு யார் சோறிட்டார்கள் என்பது நினைவில் இல்லை.) கருவூலம் வற்றியது. கடன், வட்டி, வட்டிக்காக மறுகடன்.

பிறகே வரலாற்றைப் புரட்டினோம். 1437இல் இளவரசர் ஹென்றி இதே டான்ஜியரை முற்றுகையிடப் போய்த் தாமே முற்றுகைக்குள் சிக்கினார். மீள்வதற்கு விலை, பிணையாக விட்டுவந்த தம்பி பெர்னாந்து. சியூட்டாவைத் திருப்பித் தந்தால் அவருக்கு விடுதலை. போர்ச்சுகல் தரவில்லை. 1443இல் ஃபெஸ் நகரச் சிறையிலேயே அவர் இறந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அந்த இழவு வீட்டில்தான் நாங்கள் முதல் நாளே போர்முரசு கொட்டியிருக்கிறோம்.

மீண்டும் தொடங்கியிருக்கிறோம். ஆட்டத்தில் 1450 பிறந்துவிட்டது. போரும் இல்லை, கடனும் இல்லை. எங்களில் ஒருவர் மட்டும் டான்ஜியரைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.